பளபளப்பைத் திருடியது யார்?

அத்தியாயம் 5

முன்கதைச் சுருக்கம் கேட்பவர்களுக்கு: காலையில் துப்பறிய ஒரு கேம் கம்பெனிக்குள் நுழைந்தேன். மதியச் சாப்பாட்டுக்குள் ஒரு நிரபராதிப் பெண்ணைத் திருடியாக்கினேன். அவ்வளவுதான். முதல் நாலு அத்தியாயமும் அதை நான் எவ்வளவு ஸ்டைலாகச் செய்தேன் என்ற வர்ணனைதான். படிக்காதவர்கள் எதையும் இழக்கவில்லை.

சரி, கொஞ்சம் விவரமாகவே சொல்லிவிடுகிறேன். 'நனைந்த நகரம்' என்று ஒரு வீடியோ கேம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதன் ட்ரெய்லர் வந்தபோது பார்த்தவர்களெல்லாம் வாயைப் பிளந்தார்கள். மழை பெய்து ஓய்ந்த ஒரு தெரு. தேங்கிய ஒவ்வொரு குட்டையிலும் கடை விளக்குகள் மிதக்கும். ஜன்னல்களில் மஞ்சள் வெளிச்சம், கொத்துக் கொத்தாகக் குடை பிடித்த ஜனம். போன வாரம் கேம் விற்பனைக்கு வந்தது. குட்டைகள் சிமென்ட் பூசிய இடம் மாதிரி இருந்தன. ஜன்னல்கள் இருட்டு. ஜனத்தைக் காணோம். ஹீரோவின் தோல் கோட்டு பிளாஸ்டிக் உறை மாதிரி ஆகிவிட்டது. வாங்கியவர்கள் ட்ரெய்லரையும் கேமையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, சிவப்பு வட்டம் போட்டு, உலகம் பூராவும் அனுப்பிச் சிரித்தார்கள்.

இந்த விஷயத்தில் சிரிக்க எனக்கு யோக்யதை இல்லை. என் விசிட்டிங் கார்டில் இருக்கும் படத்தில் எனக்குத் தலை நிறைய முடி உண்டு, தொப்பை கிடையாது. அதைப் பார்த்துத் தேடி வந்தவர்கள், என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சார் எப்ப வருவார்?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள்.

கம்பெனி முதலாளிக்குக் கோபமென்றால் அப்படி ஒரு கோபம். முறுக்கிவிட்ட பெரிய மீசை அவருக்கு. பேசும்போது எதிரில் இருப்பவர்கள் அவர் கண்ணைப் பார்ப்பதில்லை, மீசையைத்தான் பார்ப்பார்கள். "நல்ல கிராபிக்ஸை எவனோ அமுக்கிட்டு மட்டமானதை உள்ள வெச்சுட்டான். யாருன்னு கண்டுபிடிங்க" என்றார். கண்டுபிடித்தேன். கேமில் வெளிச்சம் அமைக்கும் வேலை ஒரு பெண்ணுடையது. அந்த ஆபீசில் ஆளைத் துறையை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். அவர் லைட்டிங் மேடம். அவர் கம்ப்யூட்டரைத் திறந்தால், ட்ரெய்லரில் பார்த்த அதே தெரு, குட்டை வெளிச்சத்தோடு, ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது! நான் விரலை நீட்டி, குரலைத் தாழ்த்தி, "நல்லதை எடுத்து வெச்சுக்கிட்டு கெட்டதைக் கொடுத்தது நீங்கதான்" என்றேன். விரலை நீட்டுவதை மட்டும் வீட்டில் கண்ணாடி முன்னால் பழகியிருந்தேன்.

முதலாளி அந்த நிமிஷமே நிருபர்களுக்குத் தகவல் அனுப்பிவிட்டார். 'உள்ளே இருந்த ஒருவரின் துரோகம். சாயங்காலம் ஐந்து மணிக்கு அவர் யாரென்று அறிவிக்கப்படும்.'

அந்தத் தொழிலில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். மேடையில் லைட்டிங் மேடத்தின் பெயர் ஒலித்தால் பிறகு எந்தக் கம்பெனியும் அவரை வாசல்பக்கம்கூட விடாது.

இந்த இடத்தில்தான் என் அசிஸ்டென்ட் வாயைத் திறந்தார். அசிஸ்டென்ட் என்றால் என் கூடப்பிறந்த அக்கா. வேறு யாரும் என்னோடு தாக்குப்பிடிக்கவில்லை.

"ஏன்டா, திருடின பொருளை யாராவது வாசல்ல கொடி கட்டிக் காயப்போடுவாங்களா?"

"என்னக்கா சொல்றே?"

"அந்தப் பொண்ணு கம்ப்யூட்டர்ல அது ஒளிச்சா வெச்சிருந்தது? திறந்த உடனே முதல்லயே இருந்தது. மேல 'தெரு'ன்னு எழுதி வேற இருந்தது. நீ என்னவோ பாதாளத்துல இறங்கிப் புதையல் எடுத்த மாதிரி கத்தினே."

"இதைக் காலைலயே சொல்லியிருக்கலாமே?"

"நீ விரலை நீட்டறதுக்குள்ள நான் செருப்பைக்கூட கழட்டல."

*

கேமைச் சோதிக்கும் டெஸ்ட் ரூமுக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போய், லைட்டிங் மேடம் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரமாக நின்றார். முப்பது வயது இருக்கும். அழுது முடித்த முகம். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

"என் மெஷின்ல ஓடறதும் அதே தெருதான் சார். அதே வெளிச்சம்தான். நான் செஞ்சு கொடுத்ததுல ஒரு விளக்கைக்கூட குறைக்கல. வெளிய போனதும் செத்துப் போகுது. ஏன்னு எனக்கே தெரியல. இதை நான் சொன்னா நம்ப ஆள் இல்ல. நீங்க சொன்னா உடனே நம்பறாங்க."

"என்னைக்கூட நம்பறாங்கன்னா பார்த்துக்கோங்க" என்றேன் நயமாக. அவர் சிரிக்கவில்லை.

எதிரே இரண்டு திரைகள். இடதுபக்கம் ட்ரெய்லர், வலதுபக்கம் விற்பனைக்கு வந்த கேம். ஒரே தெரு, ஒரே கோணம். கன்ட்ரோலரை நான் வாங்கிக்கொண்டேன். ஹீரோவை நடக்கவிடப் பார்த்தேன். அவன் விளக்குக் கம்பத்தில் முட்டினான். திருப்பினேன், குதித்தான். மறுபடி திருப்பினேன், அதே கம்பத்தை ஆசை தீர இன்னொரு தரம் முட்டினான்.

"அவனை விடுடா, பாவம்" என்று அக்கா கன்ட்ரோலரைப் பிடுங்கிக்கொண்டார்.

நான் யோசிப்பதுபோல் தாடையைத் தடவினேன். "கேமரா லென்ஸ்ல அழுக்கு ஏதாவது..."

"கேமராவே கிடையாது சார். எல்லாமே கம்ப்யூட்டர் வரையறது" என்றார் லைட்டிங்.

"தெரியும். சும்மா சோதிச்சேன்."

கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டப் போனானாம். அவன் எனக்கு ஒன்றுவிட்ட தம்பியாக இருக்கவேண்டும்.

அக்கா இரண்டு திரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்மா, இந்தக் குட்டை வெளிச்சத்தை யாராவது கையால அணைச்சாத்தான் அணையுமா?"

"இல்லக்கா. ஒரு மெஷினால இவ்வளவுதான் முடியும்னு ஒரு அளவு இருக்கு. அதைத் தாண்டினா கேம் திக்கித் திணறி நின்னுடும். நிக்காம இருக்கறதுக்காக கேம் தானாவே சிலதை அணைச்சுக்கும். முதல்ல குட்டை. அப்புறம் ஜன்னல் வெளிச்சம். அப்புறம் கூட்டம். ஆனா இந்தத் தெருவுக்கு அந்த நிலைமை வரவே கூடாது. நான் அளந்து அளந்துதான் செஞ்சேன்."

அக்கா கன்ட்ரோலரைக் கீழே வைத்தார். "மூணாவது மாடி வீட்டுல இருந்தோமே, ஞாபகம் இருக்காடா? திடீர்னு ஒரு நாள் குழாய்ல தண்ணி நூல் மாதிரி வந்தது. நீ என்ன பண்ணே?"

"தண்ணித் திருடனைப் பிடிக்க மொட்டை மாடில காவல் இருந்தேன்."

"உனக்கு ஜலதோஷம்தான் பிடிச்சது. நான் என்ன பண்ணேன்? படி இறங்கிப் போய், எவன் வீட்டுல புதுசா மோட்டார் போட்டிருக்கான்னு பார்த்தேன். கீழ் வீட்டுக்காரன் போட்டிருந்தான். இந்தப் படத்துக்கு எல்லாம் சிவப்பு வட்டம் போட்டாங்களே, அத்தனை பேரும் இங்க என்ன குறைஞ்சதுன்னுதான் பார்த்திருக்காங்க. என்ன கூடியிருக்குன்னு ஒருத்தராவது பார்த்தாங்களா?"

லைட்டிங் முதல்முறையாகச் சுவரை விட்டு விலகி, திரைக்குப் பக்கத்தில் வந்தார்.

மூன்று பேரும் கடை கடையாகப் பார்த்துக்கொண்டு வந்தோம். பூட்டுக் கடை: இரண்டிலும் இருக்கிறது. கடிகாரக் கடை: இருக்கிறது, வலதுபக்கம் கொஞ்சம் அழுது வடிகிறது. பேப்பர் கடை: அதே கதை. தெருவின் நடுவில் ஒரு சலூன். இடதுபக்கம், ட்ரெய்லரில், ஷட்டர் இழுத்து மூடியிருந்தது.

வலதுபக்கம் திறந்திருந்தது.

"இது ஏன் திறந்திருக்கு?" என்றார் லைட்டிங் மெதுவாக. "நான் மூடித்தானே வெச்சேன். என் மெஷின்ல இன்னும் மூடித்தான் இருக்கு."

அக்கா ஹீரோவை சலூன் வாசலுக்கு நடத்திக்கொண்டு போனார். டேபிளுக்குக் கீழே இருந்த மெஷினின் விசிறி, மூட்டை தூக்கி மாடி ஏறியவன் மாதிரி மூச்சு வாங்கியது. வெளியே சிமென்ட் குட்டை, பிளாஸ்டிக் கோட்டு, இருட்டு ஜன்னல். உள்ளேயோ ஒரே ஜெகஜ்ஜோதி! எதிரெதிராக இரண்டு பெரிய கண்ணாடி. நடுவில் கத்தரிக்கோலோடு ஒரு சலூன்காரர். அவர் முகத்தில் ஒரு மீசை. அந்த மீசையில் ஒவ்வொரு முடியும் தனித்தனியாகக் காற்றில் அசைந்தது. முடிகளுக்கு நடுவே ஓரிரு நரைகூட இருந்தது.

அந்த மீசையோடுதான் நான் காலையில் கைகுலுக்கினேன். அதாவது, மீசைக்காரரோடு.

"ஐயய்யோ" என்றேன்.

"இப்பதான் தம்பி நீ சரியா ஒரு வார்த்தை பேசியிருக்கே" என்றார் அக்கா.

*

கேமில் வரும் அத்தனை பேருக்கும் முடி வைப்பவர் பெயர் ஹேர். ஆள் முழு மொட்டை. லைட்டிங் போய் அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். திரையைப் பார்த்ததும் ஹேர் நாற்காலியில் அப்படியே சரிந்தார்.

"சத்தியம் வாங்கிட்டார் மேடம்! யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னுட்டார். உங்களுக்கெல்லாம் சர்ப்ரைஸா இருக்கணுமாம்."

"எப்ப உள்ள வெச்சீங்க?" என்றேன். ஒரு கேள்வியாவது நான் கேட்க வேண்டாமா?

"எல்லாரும் செக் பண்ணி முடிச்சு, கேம் வெளிய போறதுக்கு முந்தின நாள். ஷட்டரைத் திறந்து விடச் சொன்னார். தெருவுல எங்க நின்னாலும் தெரியணும்னார். 'எத்தனையோ பேருக்கு சோறு போடறேன், எனக்கு ஒரு சிலை வைக்கவா போறாங்க, கேமுக்குள்ளயாவது நின்னுட்டுப் போறேனே'ன்னார். கேக்கவே பாவமா இருந்தது சார். நான் நல்லா செஞ்சு கொடுத்தேன். இவ்வளவு நல்லா நான் யாருக்கும் முடி வெச்சதில்ல."

"கண்ணாடி?" லைட்டிங்கின் குரல் உயர்ந்தது. "எதிரெதிரா ரெண்டு கண்ணாடி எதுக்கு?"

"ரெண்டு பக்கமும் தெரியணும்னார்."

லைட்டிங் தலையில் கை வைத்துக்கொண்டார். எங்கள் பக்கம் திரும்பி, பொறுமையாகத்தான் விளக்கினார். குட்டையில் விழும் பிம்பமானாலும் கண்ணாடியில் விழும் பிம்பமானாலும் மெஷினுக்கு ஒரே வேலைதான். இங்கே கண்ணாடிக்குள் கண்ணாடி, அதற்குள் கண்ணாடி. அத்தனையிலும் மீசை. முடி முடியாக. மெஷின் திணறுகிறது. அணைக்க ஏதாவது கிடைக்குமா என்று கேம் தேடுகிறது. குட்டையை அணைக்கிறது, ஜன்னலை அணைக்கிறது, ஜனத்தை வீட்டுக்கு அனுப்புகிறது.

"மீசையை ஏன் அணைக்கல?" என்றார் அக்கா.

ஹேர் தரையைப் பார்த்தார். "என்ன ஆனாலும் அதுல ஒரு முடி குறையக் கூடாதுன்னு உத்தரவு."

லைட்டிங் கீபோர்டை இழுத்துக்கொண்டார். கேமை ஒரு தரம் நிறுத்தினார். என்னவோ தட்டினார். மறுபடி ஓடவிட்டார். வலதுபக்கத் திரையில் சலூனின் ஷட்டர் சரசரவென்று இறங்கியது.

விசிறியின் சத்தம் அடங்கியது. கண் சிமிட்டும் நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு முதல் குட்டையில் ஒரு சிவப்பு விளக்கு மிதந்தது. அடுத்த குட்டையில் பச்சை. மேலே ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மஞ்சளாயின. மூலையிலிருந்து குடைகள் வந்தன, வந்துகொண்டே இருந்தன. இரண்டு திரையும் இப்போது ஒரே தெருவைக் காட்டின. நான் துப்பறிவாளன், இதிலெல்லாம் உருகக் கூடாது. ஆனால் உருகினேன், சொல்லிவிடுகிறேன்.

"இதான் நான் செஞ்சது" என்றார் லைட்டிங்.

"நல்லா இருக்கும்மா" என்றார் அக்கா. அவர் எதையும் நல்லா இருக்கிறது என்று சொல்லி நான் கேட்டதில்லை.

அப்போதுதான் கதவு திறந்தது. முதலில் மீசை, பின்னால் முதலாளி.

"என்ன டிடெக்டிவ் சார், அறிக்கை ரெடியா? நிருபருங்க வந்தாச்சு."

இதுதான் என் தொழிலின் உச்சக்கட்டம். குற்றவாளி எதிரே நிற்கிறார், சான்று பின்னால் மின்னுகிறது. நான் விரலை நீட்டியிருக்க வேண்டும். விரல் வரவில்லை. "சார்... அது வந்து... ஒரு வகையில பார்த்தா..." என்று ஆப்பசைத்த குரங்கு மாதிரி விழித்தேன்.

"உங்க மீசைதான் சார்" என்றார் அக்கா.

எல்லாவற்றையும் அவரே சொன்னார். லைட்டிங் ஷட்டரை ஒரு தரம் ஏற்றிக் காட்டினார். தெரு செத்தது. இறக்கினார், உயிர் வந்தது. முதலாளிக்கு முகம் கறுத்தது, சிவந்தது. கடைசியில் அந்தப் பெரிய உடம்பு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தது.

"மீசையைக் கொஞ்சம் குறைச்சா..." என்று ஆரம்பித்தார்.

"கண்ணாடியும் போகணும் சார்" என்றார் லைட்டிங்.

அவர் திரையிலிருந்த மூடிய ஷட்டரைப் பார்த்தார். பிறகு, எட்டு வயதுப் பிள்ளை கேட்கும் குரலில், "ஷட்டர் மூடியே இருக்கட்டும். நான் மட்டும் உள்ளயே இருந்துக்கலாமா?" என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. "அஞ்சு மணிக்கு என் பேரைச் சொல்றதா இருந்தீங்களே சார். இப்ப என்ன சொல்லப் போறீங்க?" என்று மட்டும் கேட்டார் லைட்டிங்.

*

கீழ்த்தள ஹாலில் நாற்காலி போதவில்லை. நான் தூணுக்குப் பின்னால் ஒரு நல்ல இடமாகப் பார்த்துப் பதுங்கினேன். அக்கா நேராகப் போய் முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டார். லைட்டிங் கடைசி வரிசைக்கும் பின்னால், சுவரோரமாக நின்றார்.

முதலாளி மைக்கைப் பிடித்தார். பின்னால் பெரிய திரையில் தெரு ஜொலித்தது. ஹாலில் ஒரு 'ஆ' எழுந்தது.

"ஒரு சின்ன தொழில்நுட்பக் கோளாறு. சரி பண்ணியாச்சு. நாளைக்கே எல்லாருக்கும் புதுசு வந்துடும். நன்றி, வணக்கம்."

கீழே விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்களே, அதை அன்றுதான் நேரில் பார்த்தேன். ஆளும் மேடையை விட்டு இறங்கத் திரும்பிவிட்டார்.

ஒரு நிருபர் எழுந்தார். "சார், மதியம் துரோகம்னு சொன்னீங்களே? உள்ளாள் யாருன்னு சொல்லவே இல்லையே?"

முதலாளி நின்றார். அவர் கண் ஹாலைத் துழாவியது. ஹேரின் மொட்டைத் தலை குனிந்தது. முதலாளி கடைசியில் இருந்த சுவரோரத்தைப் பார்த்தார். சில நிருபர்களும் கழுத்தைத் திருப்பி அதே பக்கம் பார்த்தார்கள். ஆபீசில் காலையிலிருந்தே பேச்சு அடிபட்டிருந்தது. அவர் இப்படியே ஒன்றும் சொல்லாமல் இறங்கினால், அந்தப் பெண்ணின் பெயர் சொல்லாமலே சொன்ன மாதிரி ஆகிவிடும். அது எனக்கே புரிந்தது என்றால் அங்கே எல்லாருக்கும் புரிந்திருக்கும்.

முதல் வரிசையில் அக்கா அவர் கண்ணைப் பிடித்தார். மேலுதட்டின் மேல் விரலை வைத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் மெதுவாக இழுத்தார்.

முதலாளி மைக்குக்குத் திரும்பி வந்தார். "நான்தான்" என்றார். ஹால் சிரித்தது. ஜோக் என்று நினைத்துவிட்டார்கள்.

"சிரிக்காதீங்க. நிஜமாத்தான் சொல்றேன். என் மூஞ்சியை உள்ள வைக்கறதுக்காக இந்தத் தெருவைக் கெடுத்தது நான். லைட்டிங் மேடம் செஞ்சது ஆரம்பத்துலேர்ந்து நல்லாத்தான் இருந்தது. துரோகம்னு சொன்னதும் நான்தான். அவங்க மேல ஒரு தப்பும் இல்ல."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. நல்லவேளை, எல்லாம் முடிந்தது என்று நான் தூணை விட்டு வாசல் பக்கம் நழுவினேன். என் சட்டைக் காலரை ஒரு கை பிடித்தது. முதல் வரிசையிலிருந்து அவ்வளவு வேகமாக எப்படி வந்தாரோ!

"நீயும் போய் சொல்லு."

போனேன். மைக் என்னைக் கண்டதும் கீச்சென்று கத்தியது. "அவங்கதான்னு முதல்ல கை காட்டினது நான். அது தப்பு. அவங்ககிட்ட மன்னிப்பு கேட்டுக்கறேன்."

"நீங்க யாரு சார்?" என்றது ஒரு குரல்.

"துப்பறிவாளர்."

அன்றைக்கு அந்த ஹாலில் எழுந்த பெரிய சிரிப்பு அதுதான். கைதட்டல்கூட இருந்தது.

கூட்டம் கலைந்த பிறகும் லைட்டிங் சுவரோரமாகவே நின்றார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அக்கா பக்கத்தில் போய் அவர் தோளில் கை வைத்தார். "ஏம்மா, அதான் எல்லார் முன்னாலயும் சொல்லிட்டாரே. இன்னும் எதுக்கு அழறே?"

"அழலக்கா. மதியமே என் டேபிளைக் காலி பண்ணிட்டேன். கப்பு, செருப்பு, அம்மா படம் எல்லாத்தையும் பைல போட்டு வாட்ச்மேன்கிட்ட கொடுத்துட்டேன். இனிமே இங்க வரவே மாட்டேன்னு நினைச்சேன். இப்ப எல்லாத்தையும் மறுபடி மேல கொண்டு போய் வைக்கணும்."

வாட்ச்மேன் அறை மூலையில் அந்தப் பை இருந்தது. துணிப் பை, நல்ல கனம். நான் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மாடி ஏறினேன். அன்று காலையிலிருந்து நான் உருப்படியாகச் செய்த ஒரே வேலை அதுதான்.